நகர மழைநீரை வழிநடத்துவதும் வழிந்தோடும் மாசைத் தடுப்பதும்: ஒரு செயல்முறைக் கையேடு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். இந்தக் கணக்கின்படி, ஒரு ஹெக்டேர் பரப்புள்ள வாகன நிறுத்தத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் அங்கு விழும் நீர் 2,50,000 லிட்டர். அதே நிலம் மரமும் புல்லுமாக இருந்த காலத்தில் இந்த நீரில் பெரும்பகுதியை மண்ணே வாங்கிக்கொண்டது. தாரும் காங்கிரீட்டும் போட்ட பிறகு ஏறத்தாழ முழுவதும் சில நிமிடங்களில் வடிகாலை வந்து சேர்கிறது. வரும் வழியில் சாலையில் படிந்திருந்த எண்ணெய், டயர்த் துகள், புழுதி, குப்பை, கால்நடைகளின் கழிவு என அனைத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

பெரும்பாலான நகர நிர்வாகங்கள் நீரின் அளவைப் பற்றி மட்டுமே கவலைப்படுகின்றன. தெருவில் தேங்காமல் போனால் போதும் என்று வடிகாலை அகலப்படுத்துகின்றன. அகலமான வடிகால் அழுக்கையும் அதே விரைவில் ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மழைநீர் வடிகால் வழியே போகும் நீர் பெரும்பாலான ஊர்களில் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் தொடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கையேடு ஓர் அடிப்படையை வைத்துக்கொண்டு எழுதப்படுகிறது: வடிகாலில் விழுந்தது ஆற்றில் விழுந்ததாகவே கணக்கு. அதற்குள் நுழையும் முன்பே நீரை மெதுவாக்கி, தேக்கி, வடிகட்டிவிட வேண்டும். நுழைந்த பிறகு செய்யும் எந்த வேலையும் செலவு கூடியதாகவும் பலன் குறைந்ததாகவுமே இருக்கும்.

முதலில் வரைபடம்

எந்த வேலையையும் தொடங்குமுன் நகரத்தின் வடிகால்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அறிய வேண்டும். இது எளிதாகத் தோன்றும். ஆனால் பல நகரங்களில் பழைய வரைபடம் ஓர் அலுவலகத்திலும், புதிய சாலையோடு போட்ட வடிகாலின் விவரம் வேறோர் அலுவலகத்திலும், இடையில் உடைத்து இணைத்த குழாய்களின் விவரம் யாரிடமும் இல்லாமலும் இருக்கும். ஆகவே களத்தில் இறங்கி ஒவ்வொரு வடிகால் வாயையும், ஆள்நுழைவுத் தொட்டியையும், நீர்நிலையில் போய்ச் சேரும் கடைவாயையும் எண்ணிட்டு, குழாயின் விட்டம், அடிமட்டம், வாட்டம் (சரிவு), கட்டுமானப் பொருள் ஆகியவற்றைப் புவியியல் தகவல் முறை என்ற கணினி வரைபடத்தில் பதிவு செய்ய வேண்டும். வாட்டத்தைத் தவறாமல் அளக்க வேண்டும். மேட்டில் முடியும் வடிகாலும், நடுவில் தாழ்ந்து கிடக்கும் வடிகாலும் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வண்டலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். குழாயில் நீர் குறைந்தது நொடிக்கு 0.6 முதல் 0.9 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மணல் தங்காமல் அடித்துச் செல்லப்படும்.

வரைபடத்தை வார்டு எல்லைப்படி பிரிக்காமல் நீர்ப்பிடிப்பு எல்லைப்படி பிரிக்க வேண்டும். நீருக்கு வார்டு எல்லை தெரியாது. மேல் வார்டில் ஒரு காலி மனையை மூடினால் கீழ் வார்டில்தான் வெள்ளம் வரும். ஒவ்வொரு கடைவாய்க்கும் அதில் நீரைச் சேர்க்கும் நிலப்பரப்பைக் குறித்துவிட்டால், பின்னாளில் அந்த வாயில் எண்ணெய் மிதந்தால் எந்தத் தெருக்களில் தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

நகரத்தில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் இருக்கின்றனவா, இரண்டும் ஒரே குழாயில் போகின்றனவா என்பதையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலண்டன், சிகாகோ, பிலடெல்பியா போன்ற பழைய நகரங்களின் பல பகுதிகளில் இரண்டும் ஒன்றாகவே போகின்றன. கனமழையில் குழாய் நிரம்பியதும் கழிவுநீர் கலந்த வெள்ளம் நேரே ஆற்றில் வழிந்துவிடும். இதைப் பிடித்து வைக்கத்தான் இலண்டனில் தேம்ஸ் ஆற்றை ஒட்டி 25 கி.மீ. நீளத்துக்கு ஒரு பெருஞ்சுரங்கம் அமைத்தார்கள். ஒரே குழாய் உள்ள நகரத்தில், மழைநீரைக் குழாய்க்குள் விடாமல் தடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் கழிவுநீர் வழிவதையும் சேர்த்தே குறைக்கிறது.

நீரின் கணக்கு

ஒரு பகுதியிலிருந்து உச்ச அளவில் எவ்வளவு நீர் வரும் என்று மதிப்பிட, அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. வழிந்தோடும் விகிதம் (பெய்யும் மழையில் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும் பங்கு), மணிக்கு மி.மீ. கணக்கில் மழையின் செறிவு, ஹெக்டேர் கணக்கில் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பது கிடைக்கும். 10 ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 60 மி.மீ. செறிவில் மழை பெய்கிறது என்று கொள்வோம். புல்லும் மரமுமாக இருந்தபோது விகிதம் 0.25 என்றால் நொடிக்குச் சுமார் 0.42 கன மீட்டர் வரும். கட்டடமும் சாலையுமாக ஆகி விகிதம் 0.8 ஆனதும் அது 1.33 கன மீட்டராகிறது. மழை மாறவில்லை, வெள்ளம் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது. மேலும், வழவழப்பான பரப்பில் நீர் விரைந்து ஓடுவதால் அந்த உச்சம் முன்னைவிடச் சீக்கிரமாகவும் வருகிறது.

இந்தச் சூத்திரம் சிறு பகுதிகளுக்கே பொருந்தும். பெரிய நீர்ப்பிடிப்புகளுக்கும், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் குழாய் வலைக்கும் கணினி மாதிரி தேவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆதரவில் 1971இல் உருவாகிப் பின்னர் பலமுறை புதுப்பிக்கப்பட்ட ‘ஸ்வம்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த மாதிரியாக இருந்தாலும் அதற்குள் இடும் மழைத்தரவு உள்ளூருடையதாக இருக்க வேண்டும். நாள் முழுவதற்குமான மழையளவு மட்டும் போதாது. 5 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யும் மழைமானிகளை நகரின் பல இடங்களில் வைக்க வேண்டும். ஏனெனில் தெருவை மூழ்கடிப்பது நாளின் மொத்த மழையைக் காட்டிலும் அந்த இருபது நிமிடக் கொட்டுதல்தான்.

வடிவமைப்புக்கு மூன்று வெவ்வேறு மழைகளை மனத்தில் கொள்வது நல்லது. அடிக்கடி பெய்யும் சிறு மழைகள் ஓராண்டில் சேரும் மாசில் பெரும்பங்கைச் சுமப்பவை. பல நகரங்கள் ஏறத்தாழ 25 மி.மீ. வரையிலான மழையை அது விழுந்த இடத்திலேயே பிடித்து வடிகட்ட வேண்டும் என்று விதிக்கின்றன. இந்த எண்ணை அப்படியே கடன் வாங்காமல், பத்தில் ஒன்பது மழைகள் எந்த அளவுக்குள் அடங்குகின்றன என்று தம் ஊரின் பழைய பதிவுகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் கனமழை. குழாய்களும் வடிகால்களும் இதற்கென்றே அமைக்கப்படுகின்றன. மூன்றாவது, எந்தக் குழாயாலும் தாங்க முடியாத பேய்மழை. கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2ஆம் தேதி சில மணி நேரத்துக்குள் 100 மி.மீ.க்கு மேல் மழை கொட்டி நகரம் மூழ்கியது. அடுத்த ஆண்டே அந்நகரம் ஒரு திட்டத்தை வகுத்தது: பெருமழை நாட்களில் குறிப்பிட்ட சாலைகளே கால்வாய்களாக நீரைக் கொண்டுசெல்ல வேண்டும், தாழ்வாக அமைத்த பூங்காக்களும் திடல்களும் சில மணி நேரம் நீரைத் தாங்க வேண்டும். குழாய் நிரம்பினால் நீர் எந்தப் பாதையில் போகும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நகரமும் முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் வீடோ மின்மாற்றியோ மருத்துவமனையின் அடித்தளமோ இருக்கக் கூடாது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது

தொழிற்சாலைக் குழாயிலிருந்து வரும் கழிவுக்கு முகவரி உண்டு. மழைநீர் சுமக்கும் மாசுக்கு அப்படி ஒரே முகவரி கிடையாது. நகரத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சிறிது சிறிதாகக் கொடுப்பது அது. பிரேக்கிலிருந்து செம்புத் துகளும், டயரிலிருந்தும் துத்தநாகம் பூசிய கூரைகளிலிருந்தும் துத்தநாகமும், வாகனங்களின் அடியிலிருந்து எண்ணெயும், தோட்டங்களிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் பூச்சிக்கொல்லியும், நாய்களின் கழிவிலிருந்து நோய்க்கிருமிகளும், கட்டுமான இடங்களிலிருந்து மண்ணும் வருகின்றன. உதிர்ந்த இலைகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்; வடிகாலில் ஊறும் இலைக்குவியல் பாஸ்பரசை வெளியிட்டு, ஏரியில் பாசி படர வழி செய்கிறது.

கண்ணுக்கே தெரியாத வேதிப்பொருள் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு சியாட்டில் பகுதி ஓடைகள் நல்ல சான்று. முட்டையிடத் திரும்பிவரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் அங்கே கூட்டமாகச் செத்துப்போவது நீண்டகாலப் புதிராக இருந்தது. டயர் விரைவில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் ‘6பிபிடி-குயினோன்’ என்ற நஞ்சே காரணம் என்று ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். இத்தகைய மாசைக் கடைவாயில் நின்று தடுக்க இயலாது. பொருளையே மாற்றுவது, அல்லது சாலை நீரை மண் வழியே வடியவிடுவது ஆகிய இரண்டு வழிகளே உள்ளன. டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் முதல் வழியை எடுத்தது: வாகன நிறுத்தங்களின் மேல் பூசப்படும் நிலக்கரித் தார்ப் பூச்சு ஓடைகளின் வண்டலில் நஞ்சு சேர்க்கிறது என்று தெரிந்ததும் 2006இல் அதைத் தடை செய்தது.

மாசின் இரண்டு இயல்புகள் இங்கே முக்கியம். ஒன்று, நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் மழையின் முதல் பங்கு நீரே பெரும்பாலும் மிக அழுக்காக இருக்கும். சிறிய, மூடிய பரப்புகளில் இது தெளிவாகத் தெரியும். ஆகவே எல்லா நீரையும் பிடிக்க இயலாவிட்டாலும் தொடக்க நீரைப் பிடித்தால் பலன் அதிகம். மற்றொன்று, உலோகங்களும் எண்ணெய்ப் பொருட்களும் பெரும்பாலும் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டே வருகின்றன. 0.1 மி.மீ. மணல் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் படிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். அதே ஆழத்தைக் கடக்க 2 மைக்ரான் (0.002 மி.மீ.) களிமண் துகளுக்கு மூன்று நாட்கள் ஆகும். சாலையோர வண்டல் தொட்டி மணலைப் பிடிக்கும், ஆனால் மாசைச் சுமக்கும் நுண்துகளை விட்டுவிடும். கலங்கல் குறைந்து தெளிந்ததுபோல் தோன்றும் நீரைக் கண்டு வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது.

வறண்ட நாளில் கடைவாயைப் பாருங்கள்

மாசுத் தடுப்பில் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை எது என்று கேட்டால் என் விடை இதுதான். மழை நின்று குறைந்தது இரண்டு, மூன்று நாட்கள் ஆன பிறகு, எல்லாக் கடைவாய்களையும் நடந்து சென்று பார்க்க வேண்டும். மழை இல்லாத நாளில் மழைநீர்க் குழாயிலிருந்து நீர் வந்தால், அது நிலத்தடி ஊற்றாகவோ உடைந்த குடிநீர்க் குழாயின் கசிவாகவோ திருட்டு இணைப்பின் கழிவாகவோதான் இருக்கும்.

போகிறவர் கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, கையுறை, நீர் அமிலமா காரமா என்று காட்டும் காரகாடித் தாள், மின்கடத்து திறன் அளவி, அமோனியாச் சோதனைப் பெட்டி, மாதிரிக் குப்பிகள், புகைப்படக் கருவி ஆகியவை இருக்க வேண்டும். முதலில் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்த வேண்டும். அழுகிய முட்டை வாடையும் சாம்பல் நிறமும் கழிவுநீரைக் குறிக்கும். வானவில் நிறப் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பார்க்க வேண்டும்: சில்லுகளாக உடைந்தால் அது இரும்புப் பாக்டீரியா உண்டாக்கும் இயற்கைப் படலம், மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய். நீர் பால்போல் வெளுத்திருந்தால் மேலே எங்கேனும் வண்ணப் பூச்சு வாளியையோ காங்கிரீட் கலவையையோ கழுவியிருக்கக்கூடும். காரகாடி எண் 11, 12 என்று ஏறியிருந்தால் சிமெண்ட் என்பது ஏறத்தாழ உறுதி. அமோனியா அதிகமாக இருந்து சோப்புப் பொருளும் தென்பட்டால் வீட்டுக் கழிவுநீர். சோப்பு மட்டும் இருந்து அமோனியா குறைவாக இருந்தால் சலவையோ வாகனக் கழுவலோ ஆகலாம். குடிநீரில் புளோரைடு சேர்க்கும் ஊர்களில் அதைச் சோதித்தால் குழாய்க் கசிவு வெளிப்பட்டுவிடும்.

ஐயத்துக்குரிய கடைவாய் கிடைத்ததும் அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். முழு வரிசையையும் திறக்கத் தேவையில்லை. நடுத் தொட்டியில் அழுக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் தேட வேண்டிய நீளம் பாதியாகிவிடும். அழுக்கு விட்டு விட்டு வருமானால், தொட்டியின் வாயிலில் மணல்மூட்டை வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து என்ன தேங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். ஐயத்துக்குரிய கட்டடத்தை நெருங்கியபின், கழிப்பறையில் தீங்கற்ற சாயத்தைக் கரைத்து ஊற்றி அது எந்தக் குழாயில் வெளிவருகிறது என்று பார்ப்பதே கடைசிச் சான்று. ஆள்நுழைவுத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. நச்சுவாயு ஒரு மூச்சில் உயிரைப் பறித்துவிடும். உள்ளே காண வேண்டியதைக் கேமரா காட்டும்.

தவறான இணைப்பு என்று தெரிந்தவுடன் அபராதத்தோடு தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணிசமான இணைப்புகள் கொத்தனாரோ பிளம்பரோ அருகில் இருந்த குழாயில் இணைத்துவிட்டுப் போனவை. வீட்டுக்காரருக்கே அது தெரியாது. அறிவித்து, மாற்றுவதற்குக் காலக்கெடு கொடுத்து, மாற்றியதை நேரில் சரிபார்த்து, அதன் பிறகும் மாறாதவருக்கே தண்டம் விதிப்பது நியாயம். இரவில் லாரி லாரியாகக் கழிவை ஊற்றுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் மேல் முதல் நாளே நடவடிக்கை வேண்டும்.

கட்டுமான இடங்கள்

நிலத்தைத் தோண்டி வெறுமையாக விட்டிருக்கும் கட்டுமான இடத்திலிருந்து போகும் மண், அதே பரப்பிலுள்ள விளைநிலத்திலிருந்து போவதைப்போல் 10 முதல் 20 மடங்கு வரை இருக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. அந்த மண்தான் புதிதாகத் தூர்வாரிய வடிகாலை ஒரே மழைக்காலத்தில் அடைக்கிறது. இதைத் தடுக்கும் விதிகளைக் கட்டட அனுமதியோடே சேர்த்துவிட வேண்டும்: நிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறக்காமல் பகுதி பகுதியாகத் திறப்பது, பதினான்கு நாட்களுக்கு மேல் வேலை நடக்காத இடத்தை வைக்கோலோ மூடாக்கோ புல்லோ கொண்டு மூடுவது, சரிவின் அடியில் வண்டல் தடுப்புத் துணி வேலியை, அதன் கீழ்விளிம்பு மண்ணுக்குள் புதையும்படி நடுவது, லாரிகள் வெளியேறும் வாயிலில் பெரிய ஜல்லியைப் பரப்பிச் சக்கரத்துச் சேறு சாலைக்கு வராமல் தடுப்பது, காங்கிரீட் கலவை வண்டியைக் கழுவத் தரை கசியாத குழி அமைப்பது. துணி வேலியைக் கீழே புதைக்காமல் தொங்கவிடுவது அடிக்கடி காணும் குறை. நீர் அதன் அடியில் புகுந்து மண்ணோடு போய்விடும். ஆய்வாளர் வெயில் நாளில் வந்து படம் எடுத்துப் போவதால் பயனில்லை. மழை பெய்து முடிந்த ஒரு நாளுக்குள் வந்தால்தான் எது வேலை செய்தது, எது சரிந்தது என்பது தெரியும்.

நீரை மண்ணுக்குள் இறக்குதல்

மண், வேர், நுண்ணுயிர் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் வடிகட்டலுக்கு இணையான எளிய கருவி வேறில்லை. மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் 1990களின் தொடக்கத்தில் இதை ஒரு பொறியியல் முறையாகவே வளர்த்தார்கள்; சாலையோரத்திலும் வீட்டு முற்றத்திலும் தாழ்வாக அமைத்த செடிப்பாத்திகள் இன்று உலகெங்கும் ‘மழைத்தோட்டம்’ என்ற பெயரில் பரவியுள்ளன. சீனாவில் 2015இல் முதற்கட்டமாக 16 நகரங்களில் தொடங்கிய ‘பஞ்சு நகர’த் திட்டத்திலும், சிங்கப்பூர் 2006இல் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்திலும் இத்தகைய அமைப்புகளுக்கு முக்கிய இடம் உண்டு.

ஓர் அமைப்பை எப்படி அளவிடுவது என்று பார்ப்போம். 500 சதுர மீட்டர் சாலையிலிருந்து 25 மி.மீ. மழைநீரைப் பிடிக்க வேண்டும். வழிந்தோடும் விகிதம் 0.9 என்று கொண்டால் நீரின் அளவு 11 கன மீட்டருக்குச் சற்று மேல். பாத்தியின் மேல் 20 செ.மீ. நீர் நிற்க இடம் விட்டு, அதன் கீழ் 60 செ.மீ. ஆழத்துக்குக் கலவை மண் இட்டு, அதில் கால்பங்கு வெற்றிடம் என்று கொண்டால், ஒரு சதுர மீட்டர் பாத்தி 0.35 கன மீட்டர் நீரை வாங்கும். ஆகவே ஏறத்தாழ 32 சதுர மீட்டர் பாத்தி தேவை. சாலைப் பரப்பில் இது ஆறு, ஏழு விழுக்காடுதான். இடமில்லை என்ற பேச்சு பல தெருக்களில் நிற்காது.

மண்ணைச் சோதிக்காமல் பாத்தி வெட்டக் கூடாது. பாத்தியின் அடிமட்டம் வரை தோண்டி, அங்கே 30 செ.மீ. ஆழக் குழி எடுத்து, ஒரு முறை நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளக்க வேண்டும். மணிக்கு 12 மி.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அடியில் ஜல்லி பரப்பித் துளைக்குழாய் வைத்து, வடிகட்டிய நீரை வடிகாலுக்கு விட வேண்டும். மேலே இடும் கலவையில் மணலே பெரும்பங்கு. களிமண்ணும் மக்கிய உரமும் குறைவாகவே இருக்க வேண்டும். உரத்தை அள்ளி இட்டால் செடி செழிக்கும், ஆனால் பாத்தியே பாஸ்பரசைக் கசியவிடத் தொடங்கும். தேங்கிய நீர் இரண்டு நாட்களுக்குள் வடிந்துவிடுமாறு அமைத்தால் கொசுப் புழு வளர்ந்து பறக்க நேரம் இருக்காது. கொசுவுக்கு அஞ்சும் குடியிருப்போரிடம் இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

சாலை நீர் பாத்திக்குள் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலான அமைப்புகள் தோற்கின்றன. நடைபாதைக் கல்லில் விட்ட திறப்பு குறுகலாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பை போதும், நீர் பாத்தியைக் கடந்து நேரே ஓடிவிடும். திறப்பை அரை மீட்டர் அகலமாவது விட்டு, பாத்தியின் மட்டத்தைச் சாலையோர மட்டத்திலிருந்து சில சென்டிமீட்டர் தாழ்த்தி, நுழைவாயிலில் கல் பரப்பி வண்டல் அங்கேயே தங்கும்படி செய்ய வேண்டும். வேலை நடக்கும்போது பாத்தியின் மேல் பொக்லைனையோ லாரியையோ ஏற்றிவிட்டால் மண் இறுகி நீர் இறங்காது. சுற்றிலும் உள்ள கட்டுமானம் முடிந்து நிலம் மூடிய பிறகே பாத்திக்குள் நீரை விட வேண்டும்.

எல்லா இடத்திலும் நீரை மண்ணுக்குள் இறக்கிவிடவும் கூடாது. எரிபொருள் நிலையம், வேதிப்பொருள் கிடங்கு, பழைய குப்பைமேடு, தொழிற்சாலைக் கழிவால் கெட்ட நிலம், நிலத்தடி நீர்மட்டம் மிக மேலே இருக்கும் பகுதி, குடிநீர்க் கிணற்றின் அருகாமை, கட்டட அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் இருக்கும் இடம் ஆகியவற்றில் அடித்தாள் இட்டுக் கசியாத அமைப்பாகக் கட்ட வேண்டும். எரிபொருள் நிலையத்துக்குக் கூரையும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் கட்டாயம்.

நீர் ஊடுருவும் தளக்கற்கள் வாகன நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் பொருந்தும்; புழுதி மிகுந்த இடத்தில் விரைவில் அடைபடும், ஆண்டுக்குச் சில முறை உறிஞ்சு இயந்திரத்தால் சுத்தம் செய்ய வேண்டும். புல் ஓடைகள் நீளமான சாலையோரங்களுக்கு ஏற்றவை. 100 மீட்டருக்கு ஒன்று முதல் நான்கு மீட்டர் வரையிலான வாட்டம் போதும், அதற்கு மேல் சரிவு இருந்தால் குறுக்கே சிறு தடுப்புகள் வேண்டும்.

குளமும் தொட்டியும்

தெருவோர அமைப்புகளை மீறி வரும் நீரைத் தேக்க இடம் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஏரி, குளம், தாழ்நிலம் ஆகியவற்றை மீட்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும். புதிதாக எதைக் கட்டினாலும் அதைவிடச் செலவு கூடுதல். குளத்துக்குள் நீர் நுழையும் இடத்தில், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு முன்குளம் வெட்டினால் வண்டலின் கனமான பகுதி அங்கேயே படியும், தூர்வாருவதும் எளிது. நுழைவாயிலும், நீர் வெளியேறும் கலங்கும் அருகருகே இருந்தால் நீர் குளத்தைச் சுற்றாமல் குறுக்கே ஓடிவிடும். இரண்டும் எதிரெதிர்க் கரையில் இருக்க வேண்டும்.

இடமே இல்லாத நகர மையத்தில்தான் நிலத்தடித் தொட்டிக்கு வேலை. சிங்கப்பூரின் ஸ்டாம்போர்டு தொட்டி 38,000 கன மீட்டர் நீரைப் பிடிக்கிறது. தோக்கியோவுக்கு வடக்கே 6.3 கி.மீ. நீளச் சுரங்கம் ஐந்து பெருங்கிணறுகளின் வழியே ஆறுகளின் வெள்ளத்தை வாங்கி எடோ ஆற்றில் விடுகிறது. வெள்ளத்தைத் தடுப்பதில் இவை வலிமையானவை. ஆனால் மாசைக் குறைப்பது இவற்றின் முதல் நோக்கமன்று. ஆகவே இவற்றைக் கட்டிவிட்டதால் தெருவோர வேலைகளைக் கைவிடலாம் என்று கொள்ளக் கூடாது.

பராமரிப்பும் பணமும்

வடிகால் வாயின் அடித்தொட்டி பாதி நிரம்பியதும் தூர்வார வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடுத்த கனமழை உள்ளே படிந்ததையும் கிளப்பிக்கொண்டு ஆற்றுக்குப் போகும். எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது. சந்தைப் பகுதியில் மாதந்தோறும் நிரம்பும், அமைதியான தெருவில் ஓராண்டு ஆகலாம். இரண்டு மூன்று முறை ஆழத்தை அளந்து பதிவு செய்தால் எந்தத் தொட்டியை எப்போது திறக்க வேண்டும் என்பது தானே தெளிவாகும். வாரிய சேற்றைக் கரையில் குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது மீண்டும் உள்ளே போகும். அன்றே வண்டியில் ஏற்றி, உலர்த்தி, உலோக அளவைச் சோதித்து, உரிய இடத்தில் கொட்ட வேண்டும். சாலை கூட்டும் இயந்திரங்களில் தூரிகை வகை பெரிய குப்பையை அள்ளும், நுண்துகளைப் பின்னால் விட்டுச் செல்லும். உறிஞ்சு வகை இதில் மேலானது. மழைக்காலம் தொடங்கும் முன்பும் இலை உதிரும் பருவத்திலும் சாலையை இன்னும் அடிக்கடி கூட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் ஆண்டுதோறும் தவறாமல் வரும் வருவாய் வேண்டும். கட்டுவதற்கு ஒரு முறை பணம் கிடைத்துவிடுகிறது. பத்தாண்டு பராமரிக்கத்தான் கிடைப்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974இலேயே மழைநீருக்கெனத் தனிப் பயன்பாட்டுத் துறையை அமைத்தது. இன்று பல நகரங்கள் நிலத்தில் மூடிய பரப்பு எவ்வளவு என்று வான்படம் வழியே அளந்து அதற்கேற்பக் கட்டணம் விதிக்கின்றன. 2011இல் இருபத்தைந்தாண்டுப் பசுமைத் திட்டத்தைத் தொடங்கிய பிலடெல்பியாவிலும் இத்தகைய கட்டணம் உண்டு. தம் நிலத்திலேயே நீரைப் பிடிப்பவருக்கு அதில் தள்ளுபடி கிடைக்கும். வெறும் வாகன நிறுத்தம் குடிநீரே பயன்படுத்தாவிட்டாலும் நகருக்கு வெள்ளத்தை அனுப்புகிறது. ஆகவே குடிநீர்க் கட்டணத்தோடு இணைப்பதைக் காட்டிலும் இந்த முறை நேர்மையானது என்பது என் கருத்து. சிறு வீடுகளுக்கு ஒரே சீரான குறைந்த கட்டணமும், வறியோருக்கு விலக்கும் வைத்தால் எதிர்ப்பும் குறையும்.

குடியிருப்போர் செய்ய வேண்டியவை சிலவே. வாகனத்தைப் புல்தரையில் கழுவுவது, பழைய எண்ணெயையும் வண்ணப் பூச்சையும் சேகரிப்பு மையத்தில் கொடுப்பது, மழை வரப்போகும் நாளில் உரமிடாதிருப்பது, நாயின் கழிவை அள்ளுவது, கூரைநீரைத் தெருவுக்கு விடாமல் தொட்டிக்கோ தோட்டத்துக்கோ திருப்புவது. ஒவ்வொரு வடிகால் வாயின் அருகிலும் அது எந்த நீர்நிலைக்குப் போகிறது என்று பெயரோடு எழுதி வைத்தால், பொதுவான விழிப்புணர்வுச் சுவரொட்டியைவிடக் கூடுதல் பலன் இருக்கும். புகார் கொடுக்க ஒரே எண் இருக்க வேண்டும். கொடுத்தவருக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற விடையும் போய்ச் சேர வேண்டும்.

அளந்து பார்த்தல்

செய்த வேலை பலன் தருகிறதா என்பதை நீரைச் சோதித்தே அறிய வேண்டும். சில கடைவாய்களைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது மூன்று நாள் வறட்சிக்குப் பின் பெய்யும் மழையில், நீர் வரத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு மாதிரியும், மழை முழுவதும் இடைவெளி விட்டுச் சேர்த்த கலப்பு மாதிரி ஒன்றும் எடுக்க வேண்டும். மிதக்கும் திண்மம், கலங்கல், காரகாடி எண், மின்கடத்து திறன், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா, பாஸ்பரஸ், நைட்ரஜன், செம்பு, துத்தநாகம், எண்ணெய் ஆகியவற்றைச் சோதித்தால் தொடக்கத்துக்குப் போதும். ஒரு மழையின் எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரே இடத்தில் மழைக்கு மழை அளவுகள் பல மடங்கு மாறும். மழைத்தோட்டம் அமைத்த தெருவையும் அமைக்காத அதே தன்மையுள்ள தெருவையும் ஒரே மழையில் ஒப்பிடுவது நம்பத்தக்க முறை. அந்த எண்களைக் கடைவாய் வாரியாக வரைபடத்தில் ஏற்றி, ஆண்டுக்கு ஒரு முறை பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டு, எந்த நீர்ப்பிடிப்பில் அளவுகள் இறங்கவில்லையோ அங்கே அடுத்த ஆண்டின் வறண்ட நாள் ஆய்வை முதலில் தொடங்க வேண்டும்.